டெக்குக்கு ஸ்டெயின்: மரத்துக்குள்ள இறங்கணும், மேல உக்காரக் கூடாது

வீடும் மரமும் – வாசகர் கேள்வி பதில்

பனி கரைஞ்சு பின்பக்க கதவைத் திறந்ததும் எல்லாருக்கும் டெக், அதாவது வீட்டை ஒட்டி மரப்பலகைல போடற திறந்த மேடை, ஞாபகம் வந்துடுது போல, இந்த மாசம் வந்த கேள்விகள்ல நிறைய அதப் பத்திதான். கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியான்னு ஊர் வேற வேறயா இருந்தாலும் பிரச்சினை சுத்தி சுத்தி ஒரே இடத்துக்குத்தான் வருது, அதனால இந்த தடவை முழுக்க டெக்குக்கும் அதுக்கு அடிக்கற ஸ்டெயின்ங்கற மரப் பூச்சுக்குமே ஒதுக்கிட்டேன்.

கேள்வி: அண்ணா, போன வருஷம் செப்டெம்பரில எங்கட வீட்டுக்குப் பின்னால டெக் போட்டனாங்கள். பிரஷர் ட்ரீட்டட் மரம்தான். போட்டுத் தந்தவர் ஒரு வருஷத்துக்கு ஒண்டும் அடிக்க வேண்டாம் எண்டு சொன்னவர். கடையில கேட்டா உடன அடியுங்கோ எண்டு சொல்லீனம். பக்கத்து வீட்டுக்காரர் ட்ரீட்டட் மரத்துக்கு ஸ்டெயினே தேவையில்லை எண்டு சொல்றார். ஆர் சொல்றத நம்புறது? – ஒரு வாசகி, மார்க்கம்

பதில்: பக்கத்து வீட்டுக்காரர்ல இருந்து ஆரம்பிக்கிறேன் தங்கச்சி, ஏன்னா அவர் சொல்றத நம்பித்தான் ஏகப்பட்ட டெக் வீணாப் போகுது. பிரஷர் ட்ரீட்டட்னா மரத்த ஒரு பெரிய இரும்பு டாங்க்குக்குள்ள அடுக்கி, உள்ள இருக்கற காத்த உறிஞ்சிட்டு, செம்பு கலந்த மருந்துத் தண்ணிய அழுத்தம் குடுத்து ஏத்துவாங்க. அந்த மருந்து பூஞ்சைய கொல்லும், பூச்சிய கொல்லும், அவ்வளவுதான் அதோட வேலை. வெயிலையும் தண்ணியையும் அது தடுக்காது. வெயில்ல இருக்கற புற ஊதாக் கதிர் மரத்தோட நாரை ஒட்டி வெச்சிருக்கற லிக்னின்ங்கற பசைய உடைச்சிடும், அப்புறம் மழை வந்து அத கழுவிட்டுப் போயிடும், மிச்சம் நிக்கற வெறும் நாருதான் சாம்பல் கலர்ல தெரியுது. அதுக்கு மேல தண்ணிய குடிச்சு உப்பறது, காஞ்சு சுருங்கறதுன்னு மாறி மாறி நடந்து பலகை வெடிக்க ஆரம்பிக்கும்.

அந்த வெடிப்புதான் ஆபத்து. ஏன்னு கேட்டா, கனடால கிடைக்கற ஸ்ப்ரூஸ், ஹெம்லாக் மாதிரி மரமெல்லாம் மருந்த லேசுல உள்ள விடாது. உங்க டெக்கோட தூண், இல்லேன்னா அடியில தாங்கற கட்டையக் கிட்டப் போய்ப் பாருங்க, கத்தி நுனியால குத்தின மாதிரி சின்னச் சின்ன கீறல் வரிசை வரிசையா இருக்கும். மருந்து கொஞ்சமாவது உள்ள போகட்டும்னு மில்லுலயே போடற கீறல் அது. அப்படியும் மேல்தோல் அளவுக்குத்தான் மருந்து இறங்கும், நடுவுல மருந்து படாத வெறும் மரம் அப்படியேதான் இருக்கும். வெடிப்பு ஆழமா போச்சுன்னா தண்ணி நேரா அந்த மருந்து இல்லாத நடுப்பகுதிக்கே போய் நிக்கும். இதே காரணத்துக்காகத்தான் சைட்ல ரம்பம் போட்டு அறுத்த எல்லா முனைக்கும் எண்ட் கட்னு விக்கற மருந்த பிரஷ்ல பூசணும். பூசினாங்களான்னு போட்டுத் தந்தவர்ட்ட கேளுங்க, பூசலைன்னா ஸ்டெயினுக்கு முன்னாடி நீங்களே பூசிடுங்க, கையுறை போட்டுட்டு.

இப்ப எப்ப அடிக்கறதுங்கற கேள்விக்கு வரேன். டாங்க்ல இருந்து வெளிய வந்த மரம் சொதசொதன்னு ஈரமா இருக்கும், அது காயற வரைக்கும் ஸ்டெயின் உள்ள இறங்க இடமே இருக்காது. கடைக்காரங்க உடனே அடிங்கன்னு சொல்றது ட்ரீட் பண்ணின அப்புறம் சூளைல காய வெச்ச மரத்துக்கு சரி, சாதாரண மரத்துக்கு சரியில்ல. காண்ட்ராக்டர் ஒரு வருஷம்னு சொன்னது ஒரு குத்துமதிப்புக் கணக்கு. அதுவரைக்கும் வெயில் சும்மா இருக்குமா சொல்லுங்க. காலண்டர விட்டுட்டு மரத்துட்டயே கேட்டுடுங்க: கையில கொஞ்சம் தண்ணி எடுத்து நாலஞ்சு இடத்துல, வெயில் படற பக்கமும் நிழல் பக்கமும் தெளிங்க. முத்து முத்தா நின்னுச்சுன்னா மரம் இன்னும் தயாரில்ல. ஒரு பத்து நிமிஷத்துக்குள்ள உறிஞ்சி பலகை கருத்துடுச்சுன்னா தயார். ஈரம் பாக்கற மீட்டர் கையில இருந்தா 15 சதவீதத்துக்குக் கீழ காட்டணும். உங்களுது செப்டெம்பர்ல போட்டது, ஒரு குளிர்காலம் தாண்டிடுச்சு, அதனால இந்த மே கடைசி ஜூன் பக்கம் மழையில்லாம ரெண்டு மூணு நாள் காஞ்ச அப்புறம் தண்ணி தெளிச்சுப் பாருங்க, அநேகமா உறிஞ்சும்.

கேள்வி: சார், நாங்க வாங்கின வீட்ல டெக் ஏற்கனவே கெட்டியா பிரவுன் கலர் அடிச்சிருந்தாங்க. இப்ப அங்கங்க செதில் செதிலா உரியுது, நடக்கற எடம் எல்லாம் வெறும் மரம் தெரியுது. அதுக்கு மேலயே இன்னொரு கோட் அடிச்சா மறைஞ்சிடுமா? – ஒரு வாசகர், பிராம்டன்

பதில்: மறையும், ஒரே ஒரு சீசனுக்கு. அடுத்த பனி முடிஞ்சதும் பழசும் புதுசும் சேந்து உரியும், அப்ப வேலை ரெண்டு மடங்கு. தயவுசெஞ்சு அடிக்காதீங்க.

உங்க டெக்ல இருக்கறது சாலிட் ஸ்டெயின், பேருதான் ஸ்டெயினே தவிர நடந்துக்கறதெல்லாம் பெயின்ட் மாதிரிதான், மரத்து மேல ஒரு படலமா நிக்கும். செவுத்துக்கும் வேலிக்கும் அது ஓகே, அங்க தண்ணி வழிஞ்சு ஓடிடும். டெக்ல பலகை படுத்துக் கிடக்கு, மேல தண்ணி தேங்குது, பனி மாசக்கணக்குல உக்காந்திருக்கு, அடிப்பக்கத்துல இருந்து மண்ணோட ஈரம் வேற ஏறுது. ஆணி ஓட்டை வழியாவும் பலகை முனை வழியாவும் உள்ள போன தண்ணி திரும்ப வெளிய வரப் பாக்கும்போது அந்தப் படலத்த தூக்கிட்டுத்தான் வரும். விஸ்கான்சின் மாநிலம் மேடிசன்ல அமெரிக்க அரசோட மர ஆராய்ச்சிக் கூடம் ஒண்ணு 1910லேந்து இருக்கு, அவங்களும் டெக் மாதிரி நடக்கற எடத்துக்கு படலம் கட்டற பூச்சு வேண்டாம், ஊறிப் போறதத்தான் அடிக்கணும்னுதான் சொல்றாங்க.

ஆனா உரிக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் கண்டிப்பா தெரிஞ்சுக்குங்க: இந்த டெக் எந்த வருஷம் போட்டது? 2003 கடைசி வரைக்கும் அமெரிக்காலயும் கனடாலயும் வீட்டு வேலைக்கு வந்த ட்ரீட்டட் மரத்துல பெரும்பாலும் சிசிஏ மருந்துதான், அதுல ஆர்சனிக் இருக்கு. அந்தக் காலத்து மரமா இருந்தா மெஷின் போட்டுத் தேய்க்காதீங்க, பிரஷர் வாஷர் அடிக்காதீங்க, கழட்டின துண்டை எந்த காரணத்துக்காகவும் எரிக்காதீங்க, தூளும் சாம்பலும் விஷம். குழந்தைங்க இருக்கற வீடுன்னா இதுல சமரசமே கிடையாது. அந்த மாதிரி டெக்குக்கு, தானா கழண்டு நிக்கற செதில நனைச்சு மெதுவா எடுத்துட்டு மேல ஒரு பூச்சு கொடுத்து மூடி வெக்கறதே நல்லது, பணம் சேந்ததும் பலகைய மாத்திடலாம்.

2004க்கு அப்புறம் போட்டதுன்னு உறுதியா தெரிஞ்சா முழுசா உரிச்சிடுங்க. ஸ்டெயின் ஸ்ட்ரிப்பர்னு கடைல கிடைக்கும், பெரும்பாலும் காஸ்டிக் சோடா சேந்தது, பூசி ஊற விட்டு, நைலான் பிரஷ்ல தேய்ச்சுக் கழுவணும். அதுக்கப்புறம் மரம் கருகருன்னு ஆயிடும், பயப்படாதீங்க, ஆக்ஸாலிக் ஆசிட் சேந்த பிரைட்னர் தெளிச்சா காரத்த முறிச்சு பழைய மர நிறத்துக்குக் கொண்டாந்துடும். கையுறை, கண்ணாடி முக்கியம், சுத்தி இருக்கற செடிய முன்னாடியே நல்லா தண்ணி ஊத்தி நனைச்சு வெச்சிடுங்க. மிச்சம் ஒட்டிட்டு இருக்கறத 60 இல்லேன்னா 80 நம்பர் உப்புத்தாள்ல தேய்க்கலாம். வழவழன்னு வரணும்னு 150, 200னு போகாதீங்க, மரத்தோட துளை அடைச்சிடும், அப்புறம் ஸ்டெயின் எங்க போய் இறங்கும். தேய்க்கும்போது மாஸ்க் போடுங்க, புது மருந்துலயும் செம்பு இருக்கு.

இன்னொரு வழியும் உண்டு, நிறைய பேருக்குத் தோணறதில்ல. ஸ்க்ரூ போட்ட பலகையா இருந்தா கழட்டித் திருப்பிப் போட்டுப் பாருங்க. அடிப்பக்கம் வெயில் படாம, கலர் படாம நல்லா இருந்தா அதையே மேல் பக்கமா வெச்சு மாட்டிடலாம், உரிக்கற வேலையே மிச்சம். மாட்டும்போது சாதா இரும்பு ஸ்க்ரூ வேண்டாம், ட்ரீட்டட் மரத்துல இருக்கற செம்பு அத சீக்கிரம் அரிச்சிடும், ட்ரீட்டட் மரத்துக்குன்னே வர்ற ஸ்க்ரூ, இல்ல ஸ்டெயின்லெஸ் வாங்குங்க.

கேள்வி: அண்ணே, கடைல போய் நின்னா தலை சுத்துது, க்ளியர், செமி ட்ரான்ஸ்பரன்ட், ஆயில், வாட்டர்னு வரிசையா இருக்கு. எது வாங்கறது, எப்படி அடிக்கறது, கொஞ்சம் விவரமா சொல்லுங்க. – ஒரு வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: கலர் இல்லாத க்ளியர் வாங்காதீங்க தம்பி. மரம் மரமாவே தெரியணும்னு ஆசையாதான் இருக்கும், ஆனா வெயில தடுக்கறது முக்கியமா அந்தக் கலர்ப் பொடிதான். க்ளியர் தண்ணிய ஒரு வருஷம் தடுக்கும், சாம்பல் ஆகறத பெரிசா தடுக்காது. செமி ட்ரான்ஸ்பரன்ட்தான் நான் எப்பவும் சொல்றது, மரத்தோட ரேகையும் தெரியும், பொடியும் போதுமான அளவு இருக்கும், ரெண்டு மூணு வருஷம் தாங்கும். அத விட முக்கியமா, அது உரியாது, வெளுக்கத்தான் செய்யும், வெளுத்ததும் கழுவிட்டு மேலயே இன்னொரு கை அடிச்சிடலாம். ரொம்ப கருப்பான கலர் எடுத்தீங்கன்னா ஜூலை வெயில்ல செருப்பில்லாம கால் வெக்க முடியாது, அதையும் யோசிச்சுக்கோங்க.

ஆயிலா வாட்டரான்னா, ஆயில் நல்லா ஆழமா இறங்கும், பிரஷ் தடம் விழாது, காய நேரம் எடுக்கும், நிழலான ஈரமான எடத்துல பூஞ்சை கொஞ்சம் பிடிக்கும். வாட்டர் சீக்கிரம் காயும், நாத்தம் கம்மி, கலரும் நல்லா நிக்கும், ஆனா அதுல சிலது படலம் கட்டற ஜாதி, டப்பாவுல ஊறிப்போற வகைன்னு போட்டிருக்கான்னு படிச்சுப் பாத்து வாங்குங்க. ஏற்கனவே ஆயில் அடிச்ச டெக்கா இருந்தா ஆயிலோடயே போறது தலைவலி இல்லாதது.

அடிக்கறதுக்கு முன்னாடி கழுவணும், புது டெக்கா இருந்தாலும் சரி. ஆக்சிஜன் ப்ளீச், அதாவது சோடியம் பெர்கார்பனேட் பவுடர், தண்ணில கலக்கி ஊத்தி பத்து பதினஞ்சு நிமிஷம் விட்டுத் தேய்ச்சா பாசி, அழுக்கு, செத்துப்போன சாம்பல் நாரு எல்லாம் வரும். துணிக்குப் போடற குளோரின் ப்ளீச் வேண்டாம், அது மரத்தையே நைய வெச்சிடும். பிரஷர் வாஷர் இருந்தா விசிறி மாதிரி பீச்சற முனை போட்டு, அழுத்தத்த 1000 பிஎஸ்ஐ பக்கம் வெச்சு, ஒரு அடி தள்ளியே பிடிங்க. கிட்ட கொண்டு போனீங்கன்னா மெத்துன்னு இருக்கற நாரையெல்லாம் நோண்டி எடுத்துடும், அப்புறம் பலகை பூரா பஞ்சு பஞ்சா நிக்கும். கழுவி ரெண்டு நாளாவது காயட்டும்.

அடிக்கற அன்னிக்கு 10லேந்து 32 டிகிரி செல்சியஸ்க்குள்ள இருக்கணும், அடுத்த 24 மணி நேரம் மழை வரக் கூடாது, நேர் வெயில்ல அடிக்கக் கூடாது, சூடான பலகைல ஸ்டெயின் இறங்கறதுக்குள்ள மேலயே காஞ்சிடும். டப்பாவ அடியோட கலக்கணும், நடுநடுவுலயும் கலக்கணும், கலர்ப் பொடி அடியிலதான் படிஞ்சு கிடக்கும், ரெண்டு மூணு டப்பான்னா ஒரே பக்கெட்ல ஊத்திக் கலந்துடுங்க. ரெண்டு மூணு பலகைய எடுத்துக்கிட்டு இந்த முனைலேந்து அந்த முனை வரைக்கும் நிறுத்தாம அடிச்சிட்டு அடுத்ததுக்குப் போங்க, நடுவுல நிறுத்தினா பட்டை பட்டையா தெரியும். ரோலர்லயோ பேட்லயோ பூசினாலும் பின்னாடியே பிரஷ்ஷால ஒரு தடவை இழுத்து விடணும், அப்பதான் உள்ள போகும். பலகை முனைய மட்டும் ரெண்டு மூணு தடவை நனைச்சு விடுங்க, அது உறிஞ்சற மாதிரி வேற எதுவும் உறிஞ்சாது.

அப்புறம் இதுதான் முக்கியம், பலகைல பதினஞ்சு இருபது நிமிஷம் கழிச்சும் பளபளன்னு ஈரமா நின்னா அது மரத்துக்கு வேண்டாத ஸ்டெயின், துணியால துடைச்சு எடுத்துடுங்க. காசு குடுத்து வாங்கினதுன்னு விட்டுடறாங்க, அது பிசுபிசுன்னு ஒட்டும், தூசி பிடிக்கும், முதல்ல உரியறதும் அந்த எடம்தான். ஒரு கேலன் 150லேந்து 300 சதுர அடி வரைக்கும் வரும், பழைய காஞ்ச மரம் நிறைய குடிக்கும்.

அந்தத் துடைச்ச துணிய என்ன பண்றீங்கன்னு நான் கேக்கணும். ஆயில் ஸ்டெயின் பட்ட துணிய கசக்கி மூலைல போட்டா எண்ணெய் காத்தோட சேந்து காயறப்ப சூடு கிளம்பும், குவியலுக்குள்ள அந்த சூடு வெளிய போக வழியில்லாம தானாவே தீப்பிடிக்கும், நெருப்புப் பொறியே தேவையில்ல. உங்க ஊர்லேந்து ரொம்ப தூரம் இல்லாத பிலடெல்பியால 1991 பிப்ரவரி 23ம் தேதி ஒன் மெரிடியன் பிளாசாங்கற 38 மாடிக் கட்டடம் எரிஞ்சுதே, அது 22வது மாடில மரவேலைக்காரங்க விட்டுட்டுப் போன ஆளி விதை எண்ணெய் துணிலேந்து வந்த தீ. மூணு தீயணைப்பு வீரர்கள் செத்துப் போனாங்க. துணிய ஒவ்வொண்ணா விரிச்சு வெளிய தரைல காயப் போடுங்க, இல்ல மூடி போட்ட தகர டப்பால தண்ணி ஊத்தி அதுல போட்டு வைங்க. கராஜ்ல குப்பைப் பைல மட்டும் போடாதீங்க.

கேள்வி: ஆஸ்திரேலியாவுல மெர்பாவ் மரத்துல டெக் போட்டோம். மழை பெஞ்சா சிவப்பா சாயம் ஒழுகி, கீழ கான்கிரீட் பூரா கறை. மரம் கெட்டதா? – ஒரு வாசகி, மெல்பர்ன்

பதில்: நல்ல மரம்தாங்க, கவலைப்படாதீங்க. மெர்பாவ்ல டானின்ங்கற இயற்கைச் சாயச் சத்து ஜாஸ்தி, முதல் சில மழைக்கு அது கரைஞ்சு வெளிய வந்துட்டேதான் இருக்கும். அது போறதுக்கு முன்னாடி எண்ணெய் அடிச்சா எண்ணெயும் சரியா இறங்காது, கறையும் நிக்காது. சில வாரம் மழைல விடுங்க, இல்ல டெக் கிளீனர் போட்டு ரெண்டு மூணு தடவை கழுவி விடுங்க, தண்ணி தெளிவா ஓட ஆரம்பிச்சதும் அடிங்க. கான்கிரீட் கறைக்கு ஆக்ஸாலிக் ஆசிட் கிளீனர் கேக்கும். மெர்பாவ் கெட்டி மரம், நிறைய குடிக்காது, அதனால மெல்லிசா அடிச்சுத் துடைச்சிடுங்க. உங்க ஊர் வெயிலுக்கு வருஷம் ஒரு தடவை பாத்துப் பூச வேண்டியிருக்கும்.

கேள்வி: தம்பி, ஊரில நாங்கள் வேலிக் கட்டைக்கும் தீராந்திக்கும் கழிவு ஒயில் பூசுறனாங்கள், கறையான் கிட்ட வராது. அத விட்டிட்டு உதுக்கு ஏன் இவ்வளவு காசு? – ஒரு பெரியவர், ஸ்கார்பரோ

பதில்: ஐயா, ஊர்ல அது கறையானுக்காக, மண்ணுல நிக்கற கட்டைக்கு, கையில இருந்தத வெச்சு செஞ்சது. எங்க பக்கமும் முந்திரிக்கொட்டை எண்ணெய கதவுக்கும் உத்தரத்துக்கும் பூசுவாங்க, கடற்கரைல தோணிக்குக் கூட பூசறது உண்டு. ரெண்டுமே இங்க டெக்குக்கு வேண்டாம்னு நான் மரியாதையா கேட்டுக்கறேன். கழிவு ஒயில்ல எஞ்சின்லேந்து வந்த உலோகத் தூளும் எரிஞ்ச கசடும் இருக்கு, காயவே காயாது, பேரப்பிள்ளைங்க தவழற பலகைல அது கையிலயும் கால்லயும் ஒட்டும், மழைக்கு மண்ணுல இறங்கும், இங்க அத மண்ணுல கலக்கறது சட்டப்படியும் தப்பு. முந்திரிக்கொட்டை எண்ணெய் தோல்ல பட்டா புண்ணாக்கும், கொட்டை உடைக்கறவங்க கையப் பாத்தா தெரியும். ஆளி விதை எண்ணெய மட்டும் தனியா பூசலாமான்னும் சிலர் கேக்கறாங்க, அது பூஞ்சைக்குத் தீனி, ரெண்டு வருஷத்துல டெக் கருத்துடும். ஸ்டெயின்ல பூஞ்சை மருந்தும் கலர்ப் பொடியும் சேத்திருக்காங்க, காசு அதுக்குத்தான் ஐயா.

கேள்வி: குளிர்காலத்துல டெக்ல உப்பு போடலாமா? அப்புறம், எங்க டெக்ல வீட்டுச் சுவர் பக்கம் ஒரு பலகை மெத்துன்னு அமுங்குது, ஸ்டெயின் அடிச்சா இறுகிடுமா? – ஒரு வாசகர், ஆட்டவா

பதில்: ரோட்டு உப்பு வேண்டாம், ஆணி, ஸ்க்ரூ, ப்ராக்கெட் எல்லாத்தையும் அரிக்கும். வழுக்கலுக்கு மணல் தூவுங்க. பனிய பிளாஸ்டிக் ஷவல்ல, பலகை ஓடற திசையிலயே தள்ளுங்க, இரும்பு ஷவல் ஸ்டெயின சீவி எடுத்துடும்.

ரெண்டாவது கேள்விதான் எனக்குக் கவலையா இருக்கு. மெத்துன்னு அமுங்கறது உளுத்துப் போன மரம், ஸ்டெயின் அத இறுக்காது, மறைக்கத்தான் செய்யும். அதுவும் சுவர் பக்கம்னு சொல்றீங்க, அங்கதான் டெக்க வீட்டோட சேத்துப் பிடிச்சிருக்கற லெட்ஜர் பலகை இருக்கு. அதுக்கு மேல தகரம் மடிச்சு விடாம போட்டிருந்தா தண்ணி சுவருக்கும் பலகைக்கும் நடுவுல இறங்கி ரெண்டையும் அழுக வெச்சிடும். ஆள் நிறைய நிக்கும்போது டெக் பிரிஞ்சு விழறது பெரும்பாலும் இந்த எடத்துலதான். அமுங்கற பலகைய கழட்டி, உள்ள தெரியற லெட்ஜர்லயும் அடிக் கட்டைகள்லயும் ஒரு ஸ்க்ரூ டிரைவர வெச்சு அழுத்திக் குத்துங்க. நல்ல மரம்னா நுனி நிக்கும், உளுத்ததுன்னா பொதுக்குனு உள்ள போகும். போச்சுன்னா விவரம் தெரிஞ்ச தச்சர் ஒருத்தர வரச் சொல்லிப் பாக்கற வரைக்கும் அந்த டெக்ல யாரையும் ஏத்தாதீங்க, பார்பிக்யூவையும் கீழ இறக்கி வெச்சிடுங்க. ஸ்டெயின் வாங்கறது அதுக்கப்புறம்.